விலை சொல்லும் கூச்சம்

நம் வீடுகளில் குழந்தைகளுக்கு எத்தனையோ வித்தைகளைச் சொல்லிக் கொடுக்கிறோம். கணக்குக்கு ஒரு வாத்தியார், பாட்டுக்கு ஒரு வாத்தியார், இந்திக்கு ஒரு வாத்தியார் என்று மாசம் பிறந்தால் சம்பளம் அழுகிறோம். ஆனால் தன் கையால் செய்த ஒரு பொருளை எதிரே நிற்பவரிடம் நீட்டி, அவர் முகத்தைப் பார்த்து, "இதற்கு இன்ன விலை" என்று தடுமாறாமல் சொல்லும் வித்தையை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மாதச் சம்பளத்தில் வளர்ந்த குடும்பங்களில் அது ஒரு வித்தை என்றுகூடத் தோன்றுவதில்லை. கொஞ்சம் மட்டமான காரியம் என்றே ஓர் எண்ணம்.

சம்பளக்காரனுக்குப் பணம் கேட்கும் கூச்சம் வருஷத்துக்கு ஒருமுறை, சம்பள உயர்வு சமயத்தில் வரும். அதையும் சங்கம் வைத்துக் கேட்டுவிடலாம். சிறு வியாபாரிக்கோ அந்தக் கூச்சம் நாளுக்கு நாற்பது தரம் வரும். நாற்பது தரமும் தனியாகவே கேட்க வேண்டும்.

இதற்கு ஆங்கிலத்தில் மார்க்கெட்டிங் என்று பெயர். கல்லூரிகளில் இரண்டு வருஷம் வைத்துப் படிப்பிக்கிறார்கள். தமிழில் சந்தைப்படுத்துதல் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷனைப் பிடித்துச் சந்தியில் நிறுத்துவது போல எனக்கு ஒரு பிரமை உண்டாகும். ஆனால் அந்தப் படிப்பின் வாசற்படியைக்கூட மிதிக்காத ஒருத்தி அதைத் தானாகக் கற்றுக்கொண்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவள் என் தங்கை. பெயர் வேண்டாம், சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போகும் வழியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு சுற்றுலாப் பஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 2020-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி தேசம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டதல்லவா? அப்போது சுற்றுலாவாவது, பஸ்ஸாவது? இரண்டு மாசம் பாதிச் சம்பளம், மூன்றாவது மாசம் கைகூப்பு. வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் காலேஜில் முதல் வருஷம், இளையவள் எட்டாவது. வங்கியில் இருந்த பணம் ஆடி மாசம் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

தங்கைக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, ரசப்பொடி, அங்காயப் பொடி. எங்கள் அம்மாவிடமிருந்து வந்த கைமணம். துவரம்பருப்பை எந்த நிறத்தில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பது அவளுக்குக் கண்ணால் தெரியாது, மூக்கால் தெரியும். ஆகவே பொடி செய்து விற்பதென்று தீர்மானம் ஆயிற்று. செய்வதில் ஒரு குறையும் இல்லை. விற்பதில்தான் ஒன்றும் தெரியாது.

தைரியத்துக்காக நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். கதையென்றால் நடந்த கதைதான். 1959-ஆம் வருஷம் மார்ச் 15-ஆம் தேதி பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் ஏழு பெண்கள் உட்கார்ந்து, கடன் வாங்கிய 80 ரூபாயை வைத்துக்கொண்டு அப்பளம் இட்டார்கள். முதல் நாள் ஆனது நாலு பாக்கெட். அதுதான் பின்னால் லிஜ்ஜத் பப்பட் என்ற பெரிய ஸ்தாபனம் ஆயிற்று. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மாளுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருதுகூடக் கிடைத்தது.

முழுவதும் கேட்டுவிட்டு என் தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த நாலு பாக்கெட்டையும் யார் வாங்கினா, அண்ணா?"

தெரிந்த வியாபாரி ஒருவர் வாங்கினார் என்றேன்.

"அப்படிச் சொல்லு. எனக்கு அந்தத் தெரிஞ்ச வியாபாரிதானே இல்லை!"

கேள்வி சரியான கேள்வி. எல்லா வெற்றிக் கதைகளிலும் நாம் அப்பளத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதை வாங்கியவரை மறந்துவிடுகிறோம்.

முதலில் வாங்கியவர்கள் உறவினர்கள். வாங்கினார்கள் என்பதைவிட ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதே பொருத்தம். நாற்பது வீடுகளுக்குப் பொட்டலம் போயிற்று. நாற்பது வீடுகளிலிருந்தும் பாராட்டு வந்தது. "அத்தை கையை அப்படியே கொண்டுவந்திருக்கே!" என்று உருகினார்கள். பணம் கொடுத்தவர்கள் ஏழு பேர். மறுமாசம் தாங்களாகவே கேட்டு வாங்கியவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் பாராட்டியே பேசாதவர்கள்!

தங்கை கற்ற முதல் பாடம் இதுதான். பாராட்டு வேறு, ஆர்டர் வேறு. அன்று முதல் அவள் "எப்படி இருந்தது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தீர்ந்துபோச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். முதல் கேள்விக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். மரியாதைக்கு நல்ல வார்த்தை சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குப் பொய் சொல்ல முடியாது. டப்பா அலமாரியில் இருக்கிறதா இல்லையா என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்.

இதற்கிடையில் மாப்பிள்ளை தம் பங்குக்கு விளம்பரத்தில் இறங்கினார். ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்து, காலைப் பத்திரிகைக்குள் வைத்து வீடு வீடாகப் போட ஏற்பாடு செய்தார். நோட்டீஸ் வாசகம் அவருடையது. 'அறுசுவை அமுதம்', 'பாரம்பரியப் பக்குவம்', 'தலைமுறைகளின் தனிச்சுவை' என்று ஒரே அலங்காரம். ஆயிரம் நோட்டீஸுக்கு மூன்று டெலிபோன் வந்தது. அதில் ஒன்று, அந்த நோட்டீஸ் அடித்த அச்சகத்தின் விலாசம் கேட்டு!

அவர் பேரில் குற்றம் இல்லை. உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் விளம்பரம் எழுதுகிறார்கள். அதனால்தான் யாரும் படிப்பதில்லை. அமுதம் வேண்டும் என்று காலையில் எழுந்திருக்கிறவர் யார்? அன்றைக்குச் சாதத்தில் எதைப் போட்டுப் பிசைவது என்பதல்லவா மனுஷனுடைய கவலை?

அந்தக் கவலையை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவர் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி இரண்டு வருஷம். பிள்ளை வெளிநாட்டில். குக்கரில் ஒரு பிடி சாதம் வைத்துக்கொள்ள மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் கால் கிலோ பருப்புப் பொடி வாங்கிப் போவார். ஒருநாள் தங்கை, "எதுக்கு எங்கிட்ட வாங்கறீங்க, ஐயா? கடைத்தெருவில் எத்தனையோ பொடி இருக்கே?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குழம்பு வைக்கத் தெரியலைங்கறதை இதைப் போட்டுக்கிட்டா மறந்துடலாம், அம்மா" என்றார். பிறகு தயங்கி, "இந்தக் கவரைத்தான் பிரிக்க முடியலே. விரல் நடுங்குது. கத்தரிக்கோல் எங்கேயோ வெச்சுடறேன். தேதியும் கண்ணுக்குத் தெரியலே" என்றார்.

அன்று இரவு தங்கை எனக்கு டெலிபோனில் இதைச் சொன்னாள். குரலில் ஒரு பரபரப்பு. தான் பொடி விற்பதாக நினைத்துக்கொண்டிருந்ததாகவும், உண்மையில் விற்பது வேறொன்று என்றும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுவாரமே பெரியவருக்கு அகன்ற வாயுள்ள டப்பா. மூடியை உள்ளங்கையால் திருகினால் போதும். மூடியின் மேல் 'அரைத்த தேதி' என்று போட்டுக் கட்டை விரல் உயரத்துக்குப் பேனாவால் எழுதினாள். காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த டப்பாவில் ஐந்து ரூபாய் தள்ளுபடி.

அப்புறம் வாங்குகிற எல்லாரையும் பற்றி அவளுக்கு ஆவல் உண்டாயிற்று. ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினாள். பெயர், என்ன பொடி, எவ்வளவு, எந்தத் தேதி என்று பத்திகள் போட்டாள். கடைசிப் பத்திக்குத் தலைப்பு 'யார் சொல்லி வந்தீர்கள்?' என்பது. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டு எழுதினாள். ஆறு மாசம் கழித்து நோட்டைப் புரட்டியபோது ஓர் ஆச்சரியம் தெரிந்தது. அறுபது வாடிக்கைக்காரர்களில் நாற்பத்தொரு பேர், நாலே நாலு பேர் சொல்லி வந்தவர்கள்! ஒருவர் அந்தப் பெரியவர். இன்னொருவர் பிரசவ வார்டில் வேலை செய்யும் நர்ஸ். பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் அங்காயப் பொடியைச் சிபாரிசு செய்கிறவர். மூன்றாவது பெண்ணை ஹாஸ்டலில் விட்டிருக்கும் ஒரு டீச்சர். நாலாமவர் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாள். ஆயிரம் நோட்டீஸ் செய்யாத வேலையை நாலு வாய் செய்திருந்தது. அதற்குப் பிறகு அவள் விளம்பரத்துக்குச் செலவழித்ததெல்லாம் அந்த நாலு பேருக்கும் மாசம் ஒரு டப்பா.

இது புதிய தந்திரம் அல்ல. காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தை ஆரம்பித்தபோது, சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்று சொல்வார்கள். தலைவலி எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

அளவு விஷயமும் அப்படித்தான். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், புட்டி ஷாம்பூ வாங்க வசதியில்லாதவர்களும் வாங்கட்டும் என்று சின்ன உறையில் அடைத்து விற்றார். அவர் பிள்ளை சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் தனியே தொழில் தொடங்கி, கிராமம் கிராமமாகப் போய்ப் பையன்கள் தலையில் ஷாம்பூவைத் தேய்த்துக் காட்டினார். காலி உறைகளைக் கொண்டுவந்தால் புது உறை ஒன்று சும்மா கொடுத்தார். இந்தச் சங்கதியைக் கேட்ட பிறகு தங்கை 100 கிராம் பாக்கெட்டும் போட ஆரம்பித்தாள். ஹாஸ்டல் பெண்களுக்கு அதுதான் வசதி. கால் கிலோ வாங்கினால் அறைத் தோழிகள் தீர்த்துவிடுகிறார்களாம்.

இனி விலைக்கு வருகிறேன். கூச்சம் குடியிருக்கும் இடம் அதுதான்.

100 கிராம் பாக்கெட்டுக்கு அவள் வைத்த விலை 30 ரூபாய். எப்படி வைத்தாய் என்று கேட்டதற்கு, "அதுக்கு மேலே கேட்க வாய் வரலே" என்றாள். மாப்பிள்ளைக்கு விளம்பரம் வராதே தவிரக் கணக்கு நன்றாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒரு கிலோ பருப்புப் பொடிக்குச் சாமான் 220 ரூபாய், கேஸ் 15, அரைக்கிற கூலி 20, பத்துக் கவரும் லேபிளும் 30. ஆகமொத்தம் 285. விற்றால் வருவது 300. கையில் நிற்பது 15 ரூபாய். வறுத்து, ஆறவைத்து, சலித்து, அடைத்த மூன்று மணி நேரத்துக்குப் பதினைந்து ரூபாய்! தில்லைநகரில் ஒரு கடையில் இருபது சதவீதம் கமிஷன் கேட்டிருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் கைக்கு வருவது 240. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் 45 ரூபாயைத் தன் கையிலிருந்து எடுத்து ஊராருக்குத் தானம் செய்ய வேண்டும்.

தங்கை நோட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாளாம். பிறகு, "என் கூலியை நானே எழுதலையே" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த கணக்கு இதுதான். பருப்புக்கு விலை உண்டு, விறகுக்கு விலை உண்டு, கை மட்டும் சும்மா. வீட்டுக்குள் இருக்கிறவரை அதற்கு அன்பு என்று பெயர் சொல்லிச் சமாளித்துவிடலாம். வாசலுக்கு வந்து வியாபாரம் என்று ஆனபிறகும் கை சும்மா என்றால், அந்த வியாபாரம் ஆறு மாசத்தில் படுத்துவிடும். படுத்தபிறகு பெரியவருக்குப் பொடி ஏது?

விலை 45 ரூபாய் ஆயிற்று. கிலோவுக்கு 450. கடைக்குக் கமிஷன் 90 போனாலும் 75 நிற்கும். நேரே வீட்டுக்குக் கொடுத்தால் 165. புது விலையைச் சொன்ன முதல் நாள் அவளுக்கு ஜுரம் வந்ததுபோல் இருந்ததாம். வந்த பதினோரு பேரில் இரண்டு பேர் வாங்காமல் போனார்கள். ஒன்பது பேர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். "இத்தனை நாள் நான்தான் பயந்துண்டு இருந்திருக்கேன், அவா பயப்படலே" என்று சிரித்தாள்.

விலையைக் குறைத்து ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். அகமதாபாதில் கர்சன்பாய் படேல் 1969-இல் வீட்டிலேயே சலவைத் தூள் தயாரித்து, சைக்கிளில் வைத்து, பெரிய கம்பெனித் தூள் கிலோ 13 ரூபாய்க்கு விற்ற காலத்தில் மூன்று ரூபாய்க்கு விற்றார். அதுதான் நிர்மா. ஆனால் அவர் ரசாயனம் படித்தவர். மூன்று ரூபாய்க்குக் கட்டுப்படியாகும்படி செய்யத் தெரிந்து விற்றார். வாய் வராமல் வைத்த மூன்று ரூபாய் அல்ல அது.

கடைகளை நம்புவதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. விற்றபின் பணம் தருகிறேன் என்று சரக்கு வாங்கிய ஒரு பெரிய கடை, ஐந்து மாசம் இழுத்தடித்துவிட்டுப் பாதிப் பணத்தைத்தான் தந்தது. மீதிப் பொடி அலமாரியில் கிடந்து மணம் போய், அவள் பெயர் ஒட்டிய பாக்கெட்டாகவே திரும்பி வந்தது. அதைக் கொட்டும்போது அழுதிருக்கிறாள்.

அப்போதுதான் நான் உ.வே. சாமிநாதையரைப் பற்றிச் சொன்னேன். 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டாரே, அவருக்கு மட்டும் வியாபாரம் யார் கற்றுக் கொடுத்தார்கள்? கும்பகோணம் காலேஜில் தமிழ் வாத்தியார். கையில் முதல் இல்லை. புஸ்தகம் வெளிவருவதற்கு முன்பே வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் சேர்த்தார். அதற்காக எத்தனையோ பேர் வீட்டுப் படியேறினார். அதைக் கேட்கும் கூச்சம் அவருக்கு இல்லாமலா இருந்திருக்கும்? கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் சிந்தாமணி ஏட்டோடு போயிருக்கும்.

"கையொப்பம்!" என்றாள் தங்கை. அந்த வாரமே காரியம் ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை காலை வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு செய்தி: 'ஞாயிற்றுக்கிழமை அரைக்கிறேன். வேண்டியவர்கள் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லவும்.' அவ்வளவுதான். பூப்படம் இல்லை, காலை வணக்கம் இல்லை, அமுதம் இல்லை. கேட்ட அளவுக்கு மட்டும் காந்தி மார்க்கெட்டில் சாமான் வாங்கினாள். மிச்சம் விழவில்லை. பழைய பொடி என்ற பேச்சே இல்லை. வாரத்தில் மற்ற நாட்களில் அவள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்பதால், வியாழக்கிழமைச் செய்தியை எல்லாரும் படித்தார்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொண்டாள். வருஷ விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். 14 இலக்க எண் வந்தது. லேபிளில் அந்த எண், நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, வீட்டு விலாசம், புகார் சொல்ல டெலிபோன் நம்பர். சட்டம் கேட்கிற இந்த விவரங்களையே அவள் விளம்பரமாக்கிக்கொண்டாள். புகார் நம்பரைத்தான் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் போட்டாள். தன் டெலிபோனைக் கொடுக்கிறவள் ஏமாற்ற மாட்டாள் என்று ஜனங்களுக்குத் தெரியாதா?

2022-ஆம் வருஷம் ஆனி மாசம் சோதனை வந்தது. அதற்குள் 212 வீடுகள் வாடிக்கை. திருவெறும்பூர் பெல் குடியிருப்பு வரை பெயர் பரவியிருந்தது. மூத்த பெண்ணுக்குக் காலேஜ் சம்பளம் 42,000 ரூபாய் கட்டவேண்டிய சமயம். மாப்பிள்ளைக்கு இன்னும் நிலையான வேலை இல்லை. அந்தச் சமயம் பார்த்து மொத்த வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்தார். நல்ல மனுஷர்தான். "பொடி நாங்க தர்றோம்மா. உங்க லேபிளை ஒட்டி நாங்களே விக்கறோம். மாசம் 300 கிலோ. கிலோவுக்கு 20 ரூபாய் உங்களுக்கு. 50,000 ரூபாய் அட்வான்ஸ் இப்பவே தந்துடறேன்" என்றார். அதாவது மாசம் ஆறாயிரம், அடுப்பே பற்றவைக்காமல்.

மாதிரிப் பொடியையும் கொடுத்துவிட்டுப் போனார். தங்கை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கெட்ட பொடி என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு எண்பது பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் சண்டை. நான் அப்போது அங்கே போயிருந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, மச்சான். பொண்ணு படிப்பு நிக்கப் போகுது. இவ தேதி பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. எந்தக் கம்பெனிதான் எல்லாத்தையும் தானே செய்யுது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே செய்வித்துத் தன் பெயரில் விற்கும் கம்பெனிகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. அது திருட்டு அல்ல. பெண்ணின் படிப்போ அசல் விஷயம். நான் ஒன்றும் சொல்லவில்லை. தீர்மானம் செய்யவேண்டியவள் நான் அல்லவே.

தங்கை சுவர் ஓரமாக அடுக்கியிருந்த டப்பா மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அவர் பொடியை என்னிக்கு அரைச்சாங்கன்னு எனக்குத் தெரியாதே. மூடியிலே தேதியை நான் கையாலே எழுதறேன். அந்தக் கையெழுத்தை என்ன பண்றது?"

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. மூத்த பெண் எழுந்து உள்ளே போனாள். சற்றுப் பொறுத்துத் தங்கையும் உள்ளே போய் இரண்டு வளையல்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். மறுநாள் அடகுக் கடைக்குப் போனது அவர்தான். மீட்டு வரப் பதினான்கு மாசம் ஆயிற்று.

இதை வீரச் செயல் என்று நான் கொட்டி முழக்கப் போவதில்லை. அந்த வளையல் இல்லாத வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. அந்த வீட்டில் 'சரி' என்று சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் தங்கைக்கு அன்று ஒரு விஷயம் விளங்கிவிட்டது. மொத்த வியாபாரி விலைக்குக் கேட்டது அவள் பொடியை அல்ல. பொடி அவரிடமே மூட்டை மூட்டையாக இருந்தது. அவர் கேட்டது 212 வீடுகளின் நம்பிக்கையை. இரண்டு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் அவள் சேர்த்துவந்த சரக்கு அதுதான். அதற்குக் கிலோ 20 ரூபாய் மிகவும் மலிவு. விலை சொல்லக் கூசியவளுக்கு, விலை சொல்லக்கூடாத பொருள் எது என்பதும் தெரிந்துவிட்டது.

எழுத்தாளர்களாகிய நாங்கள் வியாபாரத்தைப் பற்றி இளப்பமாகப் பேசுவது வழக்கம். பாரதியார் 1920-இல் தம் எழுத்துக்களை நாற்பது புஸ்தகங்களாகப் போட நினைத்து, அச்சுச் செலவுக்குக் கடன் கேட்டு நண்பர்களுக்கு வேண்டுகோள் அனுப்பினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல அவை வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று நம்பினார். வேண்டிய பணம் சேரவில்லை. மறுவருஷம் அவரே போய்விட்டார். எஸ்.எஸ். வாசன் விளம்பர ஏஜண்டாக இருந்து, 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி, லட்சக்கணக்கான வீடுகளுக்குள் தமிழ்க் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எழுதுகிறவன் அவசியம், கொண்டுபோய்ச் சேர்க்கிறவனும் அவசியம். தங்கையின் நோட்டைப் பார்த்தபிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அவள் பணக்காரி ஆகிவிடவில்லை. தெருவில் நாலு பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கொடுக்கிறாள். அவர்கள் கூலியையும், முதல் வரியில் தன் கூலியையும் எழுதிவிட்டுத்தான் கணக்கை ஆரம்பிக்கிறாள். மாப்பிள்ளை ஸ்கூட்டரில் டப்பா கொண்டுபோய்க் கொடுக்கிறார். மூத்த பெண் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள்.

பொன்மலைப் பெரியவர் 2023-ஆம் வருஷம் மார்கழியில் காலமானார். காரியங்களெல்லாம் முடிந்த பிறகு அவர் பிள்ளை தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மூன்று காலி டப்பா. சமையலறையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம். "அப்பா உங்களுக்கு ஏதாவது பாக்கி வெச்சிருக்காரா?" என்று கேட்டார். இல்லையென்றாள் தங்கை. அவர் போகாமல் நின்றார். பிறகு, "எனக்கு ஒரு டப்பா கிடைக்குமா? நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்றார்.

அன்று சனிக்கிழமை. பொடி இல்லை. தங்கை அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவருக்கென்று தனியாக வறுத்து அரைத்தாள். மூடியில் தேதி எழுதினாள். டப்பாவுக்கு உண்டான விலையில் மூன்று காலி டப்பாவுக்குப் பதினைந்து ரூபாய் கழித்து மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதிவிட்டு, கடைசிப் பத்திக்கு வந்தாள். 'யார் சொல்லி வந்தீர்கள்?'

அவரைக் கேட்காமலே, 'அப்பா' என்று எழுதினாள்.